பாமினியில் உள்ள ஆய்வேட்டைப் புத்தகமாக்குவது எப்படி?

கேள்வி: சமூகவியல் எம்.பில். ஆய்வேடு, பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில 230 பக்கம். கொழும்பில அச்சடிக்க வேணும். சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில எண்டு காட்டுற பட்டியல்) எப்ப செய்யிறது? ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) எங்க எடுக்கிறது?

பதில் 1: முதல்ல யுனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாத்துங்கோ. முழுக் கோப்பையும் ஒரேயடியா மாத்தாதேங்கோ. பாமினி ஆங்கில எழுத்துகளின்ர இடத்திலதான் குந்தியிருக்கு. ஆங்கில அடிக்குறிப்பில சட்டத்தைக் குறிக்கிற 'லோ' எண்ட சொல் 'டயற' எண்டு வந்து நிக்கும். வேர்டில எழுத்துரு பாமினியா உள்ள பகுதிகளை மட்டும் தேடி எடுத்து மாத்துங்கோ.

பதில் 2: சொல்லடைவு பக்க அமைப்பு முடிஞ்ச பிறகுதான். முந்திச் செய்தா எண்ணெல்லாம் பிழைக்கும். 'குடும்பம்' எண்டு தேடினா 'குடும்பத்தின்' அம்பிடாது. 'குடும்ப' எண்டு தேடுங்கோ. பாரம் எண்டா அச்சில ஒரே தாளில அடிச்சு மடிக்கிற பக்கத் தொகுதி; ஒரு பாரம் 16 பக்கம். 240 எண்டா சரியா 15 பாரம். 242 ஆனா 14 பக்கம் வெறுமையாப் போகும், காசும் வீண். உள்ளடக்கத்தைக் கூட்டாதேங்கோ, அடிக்குறிப்பைச் சுருக்குங்கோ. ஆய்வேட்டு அடிக்குறிப்பில பாதி மேற்பார்வையாளருக்காக எழுதினதுதானே!

பதில் 3: ஐ.எஸ்.பி.என். கொழும்பு 7, தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில. மெல்லட்டைக்கும் கெட்டியட்டைக்கும் வேற வேற எண் வேணும்.