மின்சாரம் திடீரென நின்றாலும் லினக்ஸ் கோப்புகள் அழியாதிருக்க வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் உள்ள எங்கள் வாசிகசாலையில், ஊரவர்கள் தந்த அந்தியேட்டிக் கல்வெட்டுகளை (இறந்தவர் நினைவாக அச்சிடப்படும் சிறு நூல்களை) ஸ்கான் செய்து உபுண்டு லினக்ஸ் கணினியொன்றில் சேமித்து வருகிறோம். கடந்த வாரம் மழையோடு மின்சாரம் நின்று, கணினி மீண்டும் இயங்கியபோது கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) தானாகவே ஓடி முடிந்தாலும், கடைசியாகச் சேமித்த 14 கோப்புகள் பூச்சிய பைட் அளவில் வெறுமையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றின் மூலப்பிரதியை உரியவர் கனடாவுக்கே கொண்டு சென்றுவிட்டார். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 (ext4) கோப்பமைப்பில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜேர்னல், வழமையான அமைப்பில், கோப்பமைப்பின் ஒழுங்கையே காக்கிறது, உள்ளடக்கத்தை அன்று என்பதை அதன் பின்பே விளங்கிக்கொண்டேன்.

மின்சாரம் நின்றாலும் மின்கலத்தால் சிறிது நேரம் கணினியை இயக்கும் யூபிஎஸ் ஒன்றை வாங்கவிருக்கிறோம். மின்கலம் இறங்குமுன் கணினி தானாக அணையும்படி நட் (NUT) என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளை அமைத்தவர்கள், யூஎஸ்பி இணைப்புள்ள எந்த வகை யூபிஎஸ் அதனோடு ஒத்துழைத்தது என்று தயவுசெய்து அறியத் தாருங்கள். இரவில் ஆர்சிங்க் (rsync) என்ற படியெடுக்கும் நிரலைக் கொண்டு இரண்டாவது வன்தட்டுக்குப் படியெடுக்கும்போது, வெறுமையான கோப்பு நல்ல பிரதியின்மேல் எழுதப்பட்டுவிடாமல் பழைய பிரதிகளையும் நீங்கள் எவ்வாறு பேணுகிறீர்கள்?