இணையவழி மார்க்கெட்டிங் பாடம்: விலை நிர்ணயத்தில் ஓர் ஐயம்
அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் நான், பி.காம். படிப்போடு அடிப்படை மார்க்கெட்டிங் பாடத்தை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படித்து வருகிறேன். 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த, மார்க்கெட்டிங்கின் அடிப்படைக் கூறுகளான பொருள், விலை, இடம், விற்பனை ஊக்கம் ஆகிய நான்கும் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் ஆனி மாதத்தில் எங்கள் தோப்புப் பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு, மாங்கூழ் ஆலை வாசலில் இரவெல்லாம் டிராக்டரில் காத்திருந்து, அவர்கள் சொல்லும் விலைக்கே இறக்கிவிட்டுத் திரும்பும் எங்களுக்கு, விற்பவரே விலையைத் தீர்மானிப்பதாகக் கூறும் பாடம் எவ்வாறு பொருந்தும் என்பது விளங்கவில்லை. காணொளிகளிலோ கைப்பேசியும் குளிர்பானமும்தான் எடுத்துக்காட்டுகள்!

விளைபொருள் விலை நிர்ணயத்தைத் தமிழில் விளக்கும் குறிப்புகள் எவரிடமேனும் இருந்தால் பகிர்ந்து உதவுங்கள். பதிவு இலவசம், தேர்வுக்கு மட்டுமே கட்டணம் என்பதால், அதைக் கட்டுவதற்கு முன், ஏற்கெனவே தேர்வெழுதியவர்கள் வினாக்களின் போக்கையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.