சிம்ப்சன் பாலைவனம் போக எந்த ரேடியோ வாங்கலாம்?

மெல்பர்ன் பிராடோ:
ஜூலையில் மூன்று வண்டியாகக் கிளம்புகிறோம். டால்ஹவுஸியிலிருந்து பிரெஞ்ச் லைன் என்ற மணல் தடம் வழியாக பேர்ட்ஸ்வில் ஊருக்கு. ஆளுக்கொரு 5 வாட் வாக்கி டாக்கி போதும் என்கிறான் நண்பன். வண்டியில் பொருத்தும் செட் தேவைதானா? லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

செம்மண்காரன்:
தம்பி, ஆஸ்திரேலியாவில் யூ.எச்.எஃப். சி.பி.க்கு, அதாவது பொதுமக்கள் பேசும் ரேடியோவுக்கு, தனி லைசென்ஸ் வேண்டாம். கையில் பிடிப்பதோ வண்டியில் பூட்டுவதோ, சட்டப்படி உச்சம் 5 வாட்தான். அதனால் உங்கள் நண்பர் வாட்டைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. ஆன்டெனாவைப் பாருங்கள். கதவை மூடிக்கொண்டு வாக்கி டாக்கியில் பேசினால் வண்டியின் தகடே பாதியை விழுங்கிவிடும். அதே 5 வாட் வண்டி முகப்பிலுள்ள புல்பார் கம்பியில் நிற்கும் ஆன்டெனா வழியாகப் போனால் கதை வேறு.

6.6 டிபிஐ ஆன்டெனா வாங்குங்கள் (டிபிஐ என்றால் ஆன்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு). கடையில் 9 டிபிஐ காட்டி ஆசைகாட்டுவார்கள். அது அலையைத் தட்டையாக்கி அனுப்பும். நள்ளார்பார் மாதிரி சமவெளிக்குச் சரி. மணல்மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கும்போது அந்தத் தட்டை அலை வானத்தைப் பார்க்கும்.

பிரெஞ்ச் லைனில் ஏறும் மேடுகளுக்குக் கணக்கே இல்லை. உச்சிக்கு வரும்போது கண்ணாடி முழுக்க பானெட்டும் வானமும்தான். எதிரே எவன் வருகிறான் என்று தெரியாது. அதற்குத்தான் பாலைவனத்தில் எல்லாரும் கேட்கும் சேனல் 10. “மூன்று வண்டி, கிழக்கே போகிறோம், பிரெஞ்ச் லைன்” என்று அவ்வப்போது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். நமக்குள் தமிழில் அரட்டையடிக்க வேறு சேனலுக்கு மாறி, 10-இல் யார் பேசினாலும் கேட்கும்படி அதை ஸ்கேனில் விடுங்கள். எதிராளி ரேடியோவை அணைத்தும் வைத்திருக்கலாம் என்பதால்தான் மேட்டுக்கு அப்பாலும் தெரியும்படி தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் வண்டியில் மணல் கொடி கட்டாயம்.

டார்வின் ரேணு:
அண்ணன் சொன்னது சரி. வாக்கி டாக்கியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வண்டி புதைந்தால் இறங்கி நின்று வழிகாட்டுபவர் கையில் அது வேண்டும். பிராடோ வண்டியின் டேஷ்போர்டில் இடம் கம்மி; திரையும் பொத்தானும் மைக்கிலேயே இருக்கும் ரகம் வாங்கினால் பெட்டியை சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடலாம். கேபிளைக் கதவிடுக்கில் விடாமல் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டின் ரப்பர் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். நெடுஞ்சாலையில் சேனல் 40, லாரிக்காரர்களுடையது. பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்!

மெல்பர்ன் பிராடோ:
நன்றி அண்ணா, அக்கா. நடுவில் வண்டி நின்றுபோனால் அவசர சேனல் 5-இல் கூப்பிட்டால் யாராவது வருவார்களா?

செம்மண்காரன்:
பக்கத்தில் ஆள் இருந்து, கேட்டுக்கொண்டும் இருந்தால் வருவார்கள். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும்தான். ஆனால் மேட்டுக்கு மேடு மறைக்கும் இடத்தில் யூ.எச்.எஃப்.பை நம்பி உயிரை வைக்காதீர்கள். சாட்டிலைட் போன் ஒன்று வாடகைக்கு எடுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.பி. (சாட்டிலைட் வழியாக ஆபத்து சமிக்ஞை அனுப்பும் கைக்கருவி) ஒன்று வாங்கி அம்சாவில் (ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்யுங்கள், பதிவுக்குக் காசில்லை. பட்ஜெட் இடித்தால் செட்டில் மலிவு பாருங்கள், இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள்.