நுரையீரல் மாடல்ல ஒரு பலூன் மட்டும் உப்பவே மாட்டேங்குது

பொண்ணு ஏழாவது, வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல் எக்ஸிபிஷன்ல சுவாச மண்டலம் மாடல் வைக்கணும். 1 லிட்டர் தண்ணி பாட்டில் அடிய வெட்டிட்டு, வெட்டுன பலூன உதரவிதானமா இழுத்துக் கட்டி, மூடி வழியா ஒய் டியூப் விட்டு ரெண்டு முனையிலயும் பலூன் மாட்டிருக்கோம். கீழ இழுத்தா பாட்டிலுக்குள்ள அழுத்தம் கொறைஞ்சு வெளிக்காத்து உள்ள வந்து ரெண்டும் உப்பணும்ல, ஆனா வலது மட்டும்தான் உப்புது, இடது அசையவே இல்ல. மூடிய சுத்தி எம்சீல் வச்சாச்சு, தண்ணில முக்கிப் பாத்தாச்சு, லீக் இல்ல, டியூப்ல அடைப்பும் இல்ல. அதே பாக்கெட்லருந்து புது பலூன் மாத்துனா இப்ப இடது உப்புது, வலது தூங்குது! இடது நுரையீரலுக்கு ரெண்டு மடல்தான், வலதுக்கு மூணு, அதான்னு சமாளிச்சுக்கலாங்கறார் வீட்டுக்காரர், டீச்சர் விடுவாங்களா என்ன. ரெண்டும் ஒண்ணா உப்பணும்னா பலூனுக்கு பதிலா வேற எத மாட்டலாம்?