வீடியோ கேம் பொருளாதாரத்தை வைத்து ஏற்றத்தாழ்வை வகுப்பில் காட்டுவது எப்படி?

கெடிலக்கரை:
கடலூரில் பிளஸ் 1 பொருளியல் மாணவர்கள் 20 பேர். செல்வம் ஏன் ஒரே பக்கம் சேருகிறது என்பதை, அவர்கள் ஆடும் கேம்களோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கேமிலும் பழைய ஆளிடம் கோடிக்கணக்கில் தங்கம், புது ஆளிடம் நூறு. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? கணினி அறை கிடைக்காது, கையாலேயே செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

உப்பனாறு:
புளியங்கொட்டை போதும் சார். ஆளுக்கு 100 விதை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் கையிருப்பில் 20 விழுக்காட்டைப் பந்தயமாக வைத்து நாணயம் சுண்ட வேண்டும். சுற்றுக்கு ஒரு நிமிடம், 30 சுற்று. சுற்றுக்குச் சுற்று ஜோடியை மாற்றுங்கள்.

யாரும் ஏமாற்றவில்லை, நாணயமும் நேர்மை. இருந்தும் விதை சிலரிடம் குவியும். காரணத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்: 100 வைத்திருப்பவர் பணக்காரரோடு ஆடி ஒருமுறை வென்றால் 120. அடுத்து தோற்றால் 24 போய் 96. முதலில் தோற்று 80 ஆகி, பிறகு வென்றாலும் 16தான் வரும், அதே 96. ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஆனாலும் 4 விதை எதிராளியிடம் போய்விட்டது. 2002இல் அனிர்பன் சக்ரபர்த்தி ஆராய்ந்த ‘யார்ட் சேல்’ மாதிரி இதுதான்.

தவறு நடக்கும் இடம்: 5 விதைக்குக் கீழே போனால் 20 விழுக்காடு ஒரு விதைகூட வராது, ஆட்டம் உறைந்துவிடும். அங்கே பந்தயம் ஒரு விதை என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுப் பந்தயம் வைத்தால் இது வேறு மாதிரி ஆகிவிடும், பாடம் கெட்டுவிடும்.

கடைசியில் கினி எண். ஏற்றத்தாழ்வை அளக்கும் எண் இது: எல்லோரிடமும் சமமாக இருந்தால் 0, ஒருவரிடமே குவியக் குவிய 1ஐ நெருங்கும். விதைகளை ஏறுவரிசையில் எழுதி, ஒவ்வொன்றையும் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரட்டித்து, (ஆட்கள் × மொத்த விதை) ஆல் வகுத்து, (ஆட்கள் + 1) ÷ ஆட்கள் என்பதைக் கழியுங்கள். நான்கு பேரிடம் 0, 2, 8, 30 என்றால் விடை 0.6.

பாகூர்_ஏரி:
மேலே உள்ளது நிஜ உலகின் பக்கம். கேமின் பக்கத்துக்கு ஊற்றும் வடிகாலும் வேண்டும். அரக்கனைக் கொன்றால் தங்கம் எங்கிருந்தோ முளைக்கிறது, அது ஊற்று. ஏலக்கடை பிடிக்கும் கழிவு, ஆயுதம் பழுதுபார்க்கும் செலவு ஆகியவற்றில் தங்கம் ஆட்டத்தை விட்டே மறைகிறது, அது வடிகால். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமில் ஏலக்கழிவு 5 விழுக்காடு. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமில் 2021 டிசம்பரில் 1 விழுக்காடு விற்பனை வரி வந்தது.

இரண்டாம் ஆட்டத்தில் சுற்றுக்கு ஆளுக்கு 2 புது விதை கொடுங்கள். 30 சுற்றுக்கு 1,200 விதை தனியாகத் தேவை, முன்பே எண்ணி வையுங்கள். ஆட்டத்தின் முன்னும் பின்னும் ஒரு கடலை மிட்டாயை ஏலம் விட்டால் விலைவாசி ஏறியது பிள்ளைகளுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் குழப்பிவிடாதீர்கள். வடிகால் விலைவாசியைத்தான் அடக்கும். பெட்டியில் பூட்டிய அரிய வாளை விற்பனை வரி தொடாது. குவிந்ததைக் கரைக்க வேறு விதி வேண்டும்: 5 சுற்றுக்கு ஒருமுறை, 200க்கு மேல் வைத்திருப்பவர் பத்தில் ஒரு பங்கைப் பொதுக்கூடையில் போட, அதை 20 பேருக்கும் சமமாகப் பிரியுங்கள், மீதியை அடுத்த முறைக்கு வையுங்கள். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கேமில் சில மாதத்துக்கு ஒருமுறை புது லீக், அதாவது புது ஆட்டப் பருவம் வரும், அதில் எல்லோரும் வெறுங்கையோடு தொடங்குவார்கள். நம் நாட்டில் இறந்தவர் சொத்து மீதான வரியை 1985இல் எடுத்தார்கள், செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024 கணக்குப்படி 2022-23இல் மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு.

கேமின் கினி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கைவிட்ட கணக்குகளையும் சேர்த்தால் எண் பொய்யாக ஏறும், ஒரு பணக்கார ஆள் தங்கத்தைப் பத்துக் கணக்கில் பிரித்து வைத்தால் பொய்யாக இறங்கும்.

கெடிலக்கரை:
நன்றி. முதல் ஆட்டத்தில் 20 விதைக்குக் கீழே போன பிள்ளையை என்ன செய்வது? ஆர்வம் போய்விடுமே.

உப்பனாறு:
அங்கேதான் சார் பெரிய வேறுபாடே இருக்கிறது. கேமில் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, காட்டுக்குப் போனால் மறுபடி தங்கம். நிஜ வாழ்வில் தண்டல் இருக்கிறது, அதாவது தினமும் வசூலிக்கும் கடன். 10,000 என்று எழுதி, 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். கடன் குறையக் குறையத் தவணை குறைவதில்லை என்பதால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு ஆகிறது. முதுநகர் மீன் அங்காடிக் கூடைக்காரம்மாவுக்கு இது புதிதல்ல.

அதே விகிதத்தில்: 20க்குக் கீழே போனவர் 17 விதை வாங்கி, சுற்றுக்கு 2 வீதம் 10 சுற்றில் 20 திருப்ப வேண்டும். கடன் கொடுப்பவர் வகுப்பிலேயே அதிகம் வைத்திருக்கும் மாணவராக இருக்கட்டும். நீங்களே கொடுத்தால் வட்டி விதை ஆட்டத்தை விட்டு வெளியே போய் மொத்தக் கணக்கு 2,000க்கு வராது. தவணை கட்ட விதை இல்லாதவரின் பெயரைப் பலகையில் பாக்கியோடு எழுதி, கினி கணக்கில் பூஜ்யமாகவே வையுங்கள். கழித்தல் குறியோடு போட்டால் கினி 1ஐத் தாண்டவும் கூடும்.