லேபிளை மறைத்து மதிப்பெண் போட்டவர்கள் வாருங்கள்

சுவைஞன்
பெயரை மறைத்து பியர் சுவைத்து மதிப்பெண் போடும் கூட்டம். வரிசையில் நடுவில் கூஸ் என்ற பியர் வந்தது. நல்ல புளிப்பு, கூடவே ஈரக் கொட்டகை வாசம். எதிரே இருந்தவர் ஒரு மிடறு விழுங்கி, முகம் சுளித்து, பத்துக்கு 3 போட்டார். பக்கத்தில் 'கெட்டுப்போன சரக்கு' என்று வேறு எழுதினார். உறையை உருவியதும் அது பெல்ஜிய லாம்பிக் என்று தெரிந்தது. மனிதர் பென்சிலைத் திருப்பி, ரப்பரால் 3-ஐ அழித்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு 9 போட்டார். கிளாஸைத் திரும்பத் தொடவே இல்லை! இதெல்லாம் சகஜமா?

நுரைதள்ளி
9 என்பதே நியாயமாக இருக்கலாம் நண்பரே. லாம்பிக் என்றால், பிரஸ்ஸல்ஸ் பக்கம் காய்ச்சிய தானியச் சாற்றை ஆழமில்லாத திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்தான் அதை நொதிக்க வைக்கும். பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கிடந்தவற்றைக் கலந்து அடைத்தால் கூஸ். அதில் புளிப்பைக் குறை சொல்ல முடியுமா? பெயரை மறைக்கலாம், வகையை மறைக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஜெர்மனியின் பாம்பெர்க் ஊர் ரவுக்பியரை, அதாவது புகை வாச பியரை, எதுவும் சொல்லாமல் ஊற்றினார்கள். பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட், அதாவது முளைகட்டிய தானியம். வாசம் வந்ததும் ஒருவர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

கசப்புக்காரன்
நுரைதள்ளி சொல்வதை ஏற்க மாட்டேன். வகை சொல்லிவிட்டால் நாக்கு எதற்கு? விதிப்புத்தகம் போதுமே. பியர் நடுவர்களுக்குச் சான்று தரும் பிஜேசிபி அமைப்பின் தாளில் 50-க்குச் சுவைக்கு 20, வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. 'பிடித்ததா' என்பதெல்லாம் ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கான 10-க்குள்தான். அப்புறம் ஓர்வால் என்ற பெல்ஜிய பியரை என்ன செய்வீர்கள்? புதுசும் பழசும் அடுத்தடுத்து வைத்தோம். புதுசில் ஹாப் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) வாசம் தூக்கலாக இருந்தது, பழசில் ஹாப் அடங்கித் தோல் வாடை. அடைக்கும்போது சேர்க்கும் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரே பெயர், இரண்டு பியர். என் பக்கத்தில் இருந்தவர் ஒன்றை மட்டும் குடித்துவிட்டு 'ஓர்வால்: 6' என்று எழுதி முடித்துவிட்டார்!

பழைய பீப்பாய்
எனக்கு ஒரு பச்சை பாட்டில் கதை உண்டு. ஜன்னலோரம் இருந்தது, திறந்ததும் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றம், மதிப்பெண் காலி. அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் இதைக் கவனியுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகச் சேர்மம் உண்டாகும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. எனவே பாட்டிலை இருட்டில் வையுங்கள். லேசானதில் தொடங்கி, இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கடுமையான கருப்பு பியரைக் கடைசியில் ஊற்றுங்கள், இல்லையென்றால் பின்னால் வரும் லேசான பில்ஸ்னர் வெறும் தண்ணீர்தான். உறையக் குளிர்ந்த ஸ்டவுட்டுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள், வாசம் எழாது. கிளாஸில் சோப்போ எண்ணெயோ இருந்தால் நுரை நிற்காது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். முதலில் மோந்து பார்த்து உடனே எழுதுங்கள், சில வாசங்கள் நிமிடத்தில் போய்விடும். பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவே கூடாது.

மூன்றாம் மிடறு
ஐயா, யாரும் பாடம் கேட்கவில்லையே. சரி, அந்த ரவுக்பியர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மிடறில் புகை மட்டும்தான் தெரியும். கொஞ்சம் உள்ளே போனதும் மூக்கு பழகிவிடும், அப்புறம்தான் மால்ட் இனிப்பு வெளியே வரும். எங்களுக்கு ஊற்றியதே இரண்டு மிடறு. நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன், நடத்தியவர் அதைப் பூஜ்யம் என்று கூட்டிக்கொண்டார். இன்னும் எரிகிறது.

சுவைஞன்
கசப்புக்காரன், பழைய ஓர்வால் எவ்வளவு பழசு?

கசப்புக்காரன்
ஒரு வருடத்துக்கு மேல். அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும், பாருங்கள்.