தென்காசி பஸ் டிரைவர் பார்முலா 1 கார் ஓட்டுவாரா?

ஸ்பானர் அண்ணாச்சி:
பாளை பையன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பார்முலா 1 காரில் எல்லாம் கம்ப்யூட்டர்தான். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பார்த்துக்கொள்ளும். தென்காசி ரூட் பஸ் டிரைவரை உட்கார வைத்தாலும் ஓட்டிவிடுவார்" என்கிறார். வே, டயர் வழுக்கிச் சுற்றினால் இன்ஜின் விசையைத் தானாகக் குறைப்பதுதானே அது? பார்முலா 1-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. 2008-லேயே தடை போட்டாச்சு. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி ஈசியூவை, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரைக் கொடுத்து வாசலை அடைத்துவிட்டார்கள்.

பாளை பையன்:
தடை என்று எழுதி வைத்தால் ஆச்சா அண்ணாச்சி? 1994-இலும் தடைதான். பெனட்டன் அணிக் காரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் மெனுவில் 10 வரைதான் தெரிகிறது. அதற்கும் கீழே போனால் 13-ஆவதாக, தொடக்கத்தில் காரைத் தானாகக் கிளப்பிவிடும் லாஞ்ச் கன்ட்ரோல் ஒளிந்து கிடக்கிறது. அது தானாக முளைத்ததா?

ஸ்பானர் அண்ணாச்சி:
அது லாஞ்ச் கன்ட்ரோல். நான் கேட்டது டிராக்‌ஷன் கன்ட்ரோல். அதையும் ரேஸில் போட்டார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

ஜங்ஷன் மாப்பிள்ளை:
நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக் கார் ஓட்டியபோது டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

ஸ்பானர் அண்ணாச்சி:
இருந்தது. 2001 நடுவிலிருந்து 2007 வரை அனுமதி உண்டு.

பாளை பையன்:
ஆகா! இருந்தது என்று அண்ணாச்சியே ஒத்துக்கொண்டாச்சு. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானர் அண்ணாச்சி:
இருந்தது. இப்போது இல்லை. இதிலே என்ன வே ஆகா? உம்ம தாத்தா காலத்தில் ஊரில் மாட்டுவண்டி இருந்தது, அதற்காக நீர் இன்றைக்கு அதிலேயா காலேஜ் போகிறீர்?

பாளை பையன்:
சரி, ஸ்டியரிங்கில் அத்தனை பட்டன் எதற்கு? காலிங் பெல்லா?

ஸ்பானர் அண்ணாச்சி:
கேட்டீரே, சொல்கிறேன். கிளட்ச் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலில் இருக்கிறது. ஐந்து சிவப்பு விளக்கும் அணைந்ததும் அதை விரலாலேயே விட வேண்டும். ஒரு நூல் கூடிப்போனால் பின் டயர் நின்ற இடத்தில் சுற்றும், குறைந்தால் கார் படுத்துவிடும். அப்புறம் பிரேக் பயாஸ். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டே போவார்கள். பிட்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகக் காரில் கை வைக்க 2003-லேயே தடை. ரேடியோவில் சொல்லலாம், திருகுவது டிரைவர் கைதான்.
2021 பாகு ரேஸில் என்ன ஆச்சு? ரேஸ் முடிய இரண்டு சுற்று இருக்கும்போது மறுபடி கிளப்புகிறார்கள். பக்கத்தில் பெரெஸ் நெருங்கி வர, ஹாமில்டன் கை தெரியாமல் ஒரு சுவிட்சில் பட்டுவிட்டது. பிரேக் பெரும்பாலும் முன்பக்கம் போய், முன் டயர் பூட்டிக்கொண்டு, முதல் வளைவில் நேரே போனார். ஜெயிக்க வேண்டியவர் 15-ஆவதாக வந்தார். ஏழு முறை சாம்பியன் வே! கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றால் அன்றைக்கு அது எங்கே போச்சு, அல்வா வாங்கவா?

பாளை பையன்:
பட்டன் தப்பாகப் பட்டதற்கே கார் நேரே போகிறது என்றால் எல்லாம் பட்டன் கையில்தான் என்று ஆகிறதே. 2014-லிருந்து பின் பிரேக்கைக் கம்ப்யூட்டர்தானே பிடிக்கிறது? அதற்குப் பதில் வரவில்லை.

ஸ்பானர் அண்ணாச்சி:
பிரேக் பேச்சு வேறு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கா, இல்லையா?

அம்பை ஆற்றுக்காரன்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பஸ் டிரைவர் என்றால் அவ்வளவு இளக்காரமா? எங்கள் சித்தப்பா மாஞ்சோலை பஸ் ஓட்டியவர். கொண்டையூசி வளைவில் எதிரே ஜீப் வந்தால், மழையில், பஸ்ஸைப் பின்னாலேயே ஏற்றி ஒதுக்குவார். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் எந்த ஏபிஎஸ்ஸும் இல்லை. ஹாமில்டனை அங்கே ஒரு நடை ஓட்டச் சொல்லுங்கள்.

ஸ்பானர் அண்ணாச்சி:
சித்தப்பாவுக்குக் கும்பிடு. பஸ் டிரைவரை இதற்குள் இழுத்தது பாளை பையன், நான் இல்லை.

ஜங்ஷன் மாப்பிள்ளை:
நம்ம தல அஜித் ஓட்டுகிற, ஷோரூம் காரைப் பந்தயத்துக்கு மாற்றிய ஜிடி3 காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் இரண்டும் உண்டே. அப்போ அவரையும் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது என்பீர்களா?

பாளை பையன்:
ஜிடி3 வேறு, எல்லாரும் ஒரே மாதிரி போர்ஷே ஓட்டும் ஜிடி3 கப் வேறு. துபாய் 24 மணி நேர ரேஸில் அவர் அணி எடுத்துப் போனது கப் கார். ரசிகர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

ஜங்ஷன் மாப்பிள்ளை:
அந்த ரேஸில் அவர்கள் பிரிவில் 3-ஆவது இடம். நீர் எதில் எத்தனையாவது? பாளை பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டதில் முதலிடமா?

ஸ்பானர் அண்ணாச்சி:
சினிமாச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஜிடி3-க்கு அனுமதி உண்டு, குமிழைத் திருகி அளவு கூட்டலாம், குறைக்கலாம். பார்முலா 1-க்கு இல்லை. இல்லை. இல்லை.

பாளை பையன்:
2013 சிங்கப்பூரில் வெட்டல் கார் வளைவிலிருந்து வெளியே வரும் சத்தம் மற்ற ரெனோ இன்ஜின் கார்கள் மாதிரி இல்லை என்று முன்னாள் அணி முதலாளி மினார்டியே சந்தேகப்பட்டார். மெக்கானிக் அண்ணாச்சிக்கு மட்டும் காது அடைத்துவிட்டது.

ஸ்பானர் அண்ணாச்சி:
சந்தேகம் வேறு, சாட்சி வேறு. முப்பது வருஷமாக இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் சோறு தின்கிறேன். வால்வு சத்தமா, பேரிங் சத்தமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உம்ம வண்டி டைமிங் செயின் போகிறது என்று தெருமுனையில் வரும்போதே சொன்னேனா இல்லையா?

பாளை பையன்:
சொன்னீர். பில்லும் போட்டீர். அதை மறக்க முடியுமா?

அம்பை ஆற்றுக்காரன்:
அண்ணாச்சி, எங்கள் வண்டியில் ஏபிஎஸ் லைட் அணையாமல் எரிகிறது. நாளைக்குக் கொண்டு வரவா?

ஸ்பானர் அண்ணாச்சி:
பத்து மணிக்கு மேலே வாரும். சென்சாரில் சேறு அப்பியிருக்கும். பாளை பையன், போன வருஷம் பந்தயத்தில் தோற்ற நாலு பரோட்டாவே இன்னும் வரவில்லை. அதற்குள் அடுத்த விவாதமா?

பாளை பையன்:
அந்தப் பந்தயம் மழையால் ரத்து அண்ணாச்சி. 13-ஆவது ஆப்ஷனுக்குப் பதில் சொல்லும்.

ஸ்பானர் அண்ணாச்சி:
அது லாஞ்ச் கன்ட்ரோல் வே!